தாங்கியைத் திறந்து பார், மச்சான்

கோண்டாவில்,
கார்த்திகை, மழை விட்ட ஒரு காலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து பார்த்தோம். "இது பஸ்ஸோ வீடோ?" என்று இவள் கேட்டாள். பஸ்ஸுக்குள் குசினியும் கட்டிலும் வைத்த சாமான் என்றேன். "அப்ப அவைக்கு அங்க வீடு இல்லையோ?" என்று அடுத்த கேள்வி. அதற்கு நீ வரும்போது நீயே பதில் சொல்லிக்கொள்.

இங்கே நாலு நாளாக நல்ல மழை. கிணறு கையால் அள்ளுகிற அளவுக்கு வந்துவிட்டது. என் முழங்காலும் மழைக்கு முதல் நாளே அறிவித்தல் தருகிறது, வானிலைக்காரரை விடச் சரியாக. கராச்சை இப்போது மூத்தவன்தான் பார்க்கிறான். கொழும்புக்கு ஓடுகிற இரவு பஸ்கள் நாலைந்து வாடிக்கையாக வருகின்றன. நான் வாசலில் கதிரை போட்டு இருந்து, சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லி, அவனுக்குக் கோபமேற்றுவதோடு சரி.

சரி, உன் வண்டிக் கதைக்கு வருகிறேன். இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். பிறேக்குக்குப் போகிற காற்றின் ஈரத்தை எடுக்கும் எயார் டிறையர் பூட்டியிருப்பதால் காற்றுத் தாங்கியிலிருந்து தண்ணீர் திறந்துவிடத் தேவையில்லை என்று யாரோ சொன்னார்கள், நீயும் நாலு வருடமாகத் திறக்கவில்லை. இப்போது எஞ்சின் ஓடும்போது டிறையர் ஓயாமல் சீறுகிறது, கேஜ் ஊசி 125 இறாத்தலுக்கு (சதுர அங்குலத்துக்கு) ஏறுவதும் 100க்கு இறங்குவதுமாக இருக்கிறது. முதலாவதைச் சொன்னவருக்கு என் சார்பில் ஒரு குட்டுப் போடு.

நாங்கள் வேலை பழகின காலத்தை நினைத்துப் பார். அந்த லொறிகளில் டிறையர் எங்கே இருந்தது? விடிய வந்தவுடன் அடியில் குனிந்து தாங்கி வால்வை இழுப்பதுதான் எங்கள் முதல் வேலை. வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் மூக்குப்பேணி நிறையப் பிடிக்கலாம் போலத் தண்ணீர் வரும். அதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. 100 இறாத்தலுக்குக் காற்றை அடிக்கும்போது கிட்டத்தட்ட எட்டுக் குடம் காற்றை ஒரு குடத்துக்குள் அமுக்குகிறோம். அந்த எட்டுக் குடத்தின் ஈரமும் அந்த ஒரு குடத்துக்குள்தான் இருந்தாக வேண்டும். கொம்பிரசரில் சூடாக இருக்கும்வரை அது ஆவியாகத் தங்கும், ஆறினால் தண்ணீராகச் சொட்டும். தண்ணீர் நின்றால் துரு, துரு வந்தால் வால்வுகள் இறுகும். உன் ஊரில் அது உறைந்தும் போகும்.

டிறையர் இதில் செய்வது இவ்வளவுதான். கொம்பிரசரிலிருந்து வரும் காற்றைத் தாங்கிக்குப் போகுமுன் தன் வயிற்றில் இருக்கும் சிறு மணிகளுக்கூடாக விடும். மணிகள் ஈரத்தை உறிஞ்சும். ஊசி 120, 130க்குள் போனதும் காற்றின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற கவனர் கொம்பிரசரை ஓய வைத்து, டிறையரின் அடி வால்வையும் திறக்கும். அந்த "புஸ்" சத்தத்தோடு அடியில் தங்கிய தண்ணீரும் எண்ணெயும் வெளியே போகும். பிறகு சேமித்து வைத்த கொஞ்சம் உலர்ந்த காற்று பின்பக்கமாக மணிகளுக்கூடாக வந்து அவற்றைக் காய வைக்கும். பெரிய "புஸ்" ஒன்று, பின்னால் அரை நிமிடம் போல மெல்லிய சீற்றம், பிறகு அமைதி. இதுதான் சுகமான டிறையரின் மூச்சு. உன்னுடையது அமைதிக்கே வருவதில்லை என்கிறாய்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது காது கொடுத்துக் கேட்பது. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே டிறையரின் அடியால் காற்றுப் போகிறதா? அப்படியென்றால் அடி வால்வு சரியாக மூடவில்லை, அழுக்கோ தேய்ந்த ரப்பரோ. இல்லை, "புஸ்" அடித்த பிறகுதான் சீற்றம் நிற்காமல் தொடர்கிறது, ஊசியும் கூடவே இறங்குகிறது என்றால், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற, டிறையரின் வெளிப்பக்கச் செக் வால்வைச் சந்தேகப்படு. தாங்கியில் ஏறின காற்று அதற்குள்ளால் திரும்பி வந்து வெளியே போகிறது. நீ எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் வேறெங்காவது ஒழுக்கு இருந்தாலும் ஊசி ஏறி இறங்கும். மோட்டர்ஹோமில் பிறேக் மட்டுமா காற்றுக் குடிக்கிறது? வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் காற்றுப் பை, ஹோர்ன், இன்னும் என்னென்னவோ. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் பூசிப் பார். குமிழி வருகிற இடம் தன் பெயரைத் தானே சொல்லும்.

அளவு வேண்டுமென்றால், அமெரிக்கச் சாரதிப் புத்தகங்களில் டிறெய்லர் இழுக்காத ஒற்றை வண்டிக்கு இப்படிப் போட்டிருக்கும்: எஞ்சின் நின்று, பார்க்கிங் பிறேக்கும் விட்டிருக்கையில் ஒரு நிமிடத்தில் 2 இறாத்தலுக்கு மேல் குறையக் கூடாது, கால் பிறேக்கை மிதித்துப் பிடித்தால் 3க்கு மேல் கூடாது. உன் மாகாணத்துப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்துவிடு, பரீட்சைக்குப் படித்தது எங்காவது லாச்சிக்குள் கிடக்கும். சில்லுக்குக் கட்டை வைக்காமல் பிறேக்கை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் ஓடாதே.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 2012 மார்கழியில் கண் காட்டக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனேன். வழமைபோல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, சாரதி தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஏறினான். எஞ்சின் ஓடுகிறது, ஊசி 50ஐத் தாண்ட மறுக்கிறது, எச்சரிக்கைச் சத்தம் காதைப் பிய்க்கிறது. காற்று இல்லாவிட்டால் பின் சில்லுகளை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். சில்லுகளுக்குக் கட்டை வைக்கச் சொல்லிவிட்டு ரோச் லைற்றோடு மழைக்குள் குனிந்து பார்த்தேன். டிறையரின் அடி வால்வு வாய் திறந்தபடி, கொம்பிரசர் அடிக்கிற காற்று முழுவதும் மண்ணில் ஊதுகிறது. வாயைச் சுற்றிக் கோப்பிக் கசடு மாதிரிக் கறுப்புச் சேறு. சுத்தியலின் மரப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டுக்குக் "கிளிக்" என்று மூடியது. ஊசி ஏறத் தொடங்கியதும், "ஐயா, பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் உடைக்கட்டோ?" என்கிறான் அவன். வால்வைக் கழுவு, பிறகு உடைக்கலாம் என்றேன். ஆறுதலாக வவுனியா வரை வந்து, விடியும்வரை காத்திருந்து, ஒரு கராச்சில் கழற்றிக் கழுவிய பிறகுதான் பஸ்ஸை அங்கால் போக விட்டேன். பயணிகள் என்னைத் திட்டியது வேறு கதை.

திரும்பி வந்து அந்த பஸ் டிறையரின் காட்ரிஜை, அதாவது மணிகள் அடைத்த டப்பாவை, கழற்றினோம். கையில் எடுத்தால் கல்லுப் போலப் பாரம். ஆசைக்கு இரும்பறுக்கிற வாளால் அரிந்து பார்த்தேன். மணிகள் எண்ணெயில் ஊறின சவ்வரிசி மாதிரி ஒட்டிக் கிடந்தன. எண்ணெய் பூசிய மணி ஈரத்தைப் பிடிக்காது. பஸ் முதலாளி சொன்ன நியாயம், "இன்னும் கிலோமீற்றர் வரவில்லையே" என்பது. உன் விஷயத்தில் இதுதான் எனக்குப் பயம். நீ வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றர்தான் ஓடுகிறாய். ஓடுகிற பஸ்ஸுக்குக் கிலோமீற்றர் கணக்கு, நிற்கிற வண்டிக்கு நாள்காட்டிக் கணக்கு. உன் டிறையரின் கையேட்டில் உள்ள கால எல்லையைப் பார், பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குள்தான் இருக்கும். வண்டி வாங்கி நாலு வருடம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்று. மாற்றும்போது அடி வால்வுக் கிட்டையும் செக் வால்வையும் சேர்த்தே மாற்று. காட்ரிஜுக்குக் காசு கொடுத்துவிட்டு ரப்பருக்குக் கஞ்சத்தனம் பார்க்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மச்சான், ஒன்றில் நீ என் சொல் கேட்க வேண்டும். காட்ரிஜில் கை வைக்குமுன் எல்லாத் தாங்கியையும் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். காற்று இறங்கினால் வண்டியும் இறங்கும். சஸ்பென்ஷன் பையில் நிற்கிற வண்டி அது, திடீரென்று ஒரு சாண் தாழ்ந்தால் அடியில் இருப்பவன் நசுங்கிப்போவான். சட்டத்துக்குக் கீழே உறுதியான தாங்கு வைக்காமல் அடியில் போகாதே. ஜக்கை நம்பாதே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள். உன் வயதும் என் வயதும் ஒன்று, குனிந்து எழும்பவே அரை நாள் போகும் என்றால் கராச்சில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார், வெட்கமில்லை.

அதற்கு முதல் இந்தக் கிழமையே ஒரு வேலை செய். காற்று நிறைந்து நிற்கும்போது ஒவ்வொரு தாங்கி வால்வையும் திறந்து, அதன் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடி. துணி காய்ந்திருந்தால் டிறையர் உழைக்கிறது. கொம்பிரசருக்குப் பக்கத்து ஈரத் தாங்கியில் நாலு சொட்டு வந்தாலும் பரவாயில்லை. தெளிந்த தண்ணீர் நிறைய வந்தால் மணிகள் களைத்துவிட்டன. பால் போல வந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கிறது, கொம்பிரசரையும் அதன் காற்று உள்ளெடுக்கிற வழியையும் பார்க்க வேண்டும். வெள்ளை மாவோ மணியோ வந்தால் காட்ரிஜ் உடைந்திருக்கிறது, வண்டியை நகர்த்தாதே. இந்தத் துணியை மாதம் ஒரு தடவை பிடித்தால் போதும். டிறையர் இருக்கிறது என்று திறக்காமல் விட்டால், அது செத்தது உனக்கு எப்படித் தெரியும்?

குளிருக்கு வண்டியை நிறுத்துமுன் தாங்கிகளை முற்றாகத் திறந்துவிடு. டிறையரின் அடியில் ஒரு சின்ன ஹீற்றர் இருக்கும், வால்வு உறையாமல் காப்பதற்கு. நல்ல குளிர் நாளில் சாவியைப் போட்டுவிட்டுக் கனெக்டரில் 12 வோல்ற் வருகிறதா என்று பார், பியூஸ் போனது தெரியாமல் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் உண்டு. கொம்பிரசரிலிருந்து டிறையருக்கு வருகிற குழாய் எங்கும் தொங்கி வளையாமல் கீழ்நோக்கிச் சரிந்து வர வேண்டும், வளைவில் தண்ணீர் தேங்கினால் அதுதான் முதலில் உறையும். குளிருக்கு ஸ்பிரிற் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். கையேடு சொன்னால் ஒழிய ஊற்றாதே, ரப்பருக்குக் கேடு.

நீண்டுவிட்டது. இவள் தேத்தண்ணியோடு வந்து "ஆருக்கு உவ்வளவு எழுதுறியள்?" என்று பார்த்துவிட்டுப் போகிறாள். உன் மனைவியின் பிரஷர் இப்போது எப்படி? உன் பேத்தி தமிழில் எழுதிய நாலு வரியைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் பழைய வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இன்னும் நிற்கிறது, போன வருடம் நன்றாகக் காய்த்தது. இப்போது இருக்கிற சனம் நல்ல சனம், ஒரு கடகம் எங்களுக்கும் தந்தார்கள்.

துணியில் என்ன வந்தது என்று படம் எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் எடு, போனமுறை மாதிரி இருட்டுக்குள் எடுத்து என்னைச் சோதிக்காதே.

அன்புடன்,
உன் கராச் கூட்டாளி