இயற்பியல் ஆசிரியர் பணியிடத்தை உடனே நிரப்பக் கோரும் மனு

அனுப்புநர்
பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவ மாணவியரின் பெற்றோர்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: காலியாக உள்ள இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஏரிக்கரை ஓரமாக இருக்கும் நம் பள்ளியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். புதுக் கட்டடத்தைப் பார்வையிடத் தாங்களே வந்திருந்தீர்கள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் இயற்பியல் ஆய்வகம் இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. இயற்பியல் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. காலாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். தங்கள் அலுவலகத்திலும் நேரில் கொடுத்தோம். முதலமைச்சரின் குறைதீர்ப்புப் பிரிவான ‘முதல்வரின் முகவரி’க்கும் அனுப்பினோம். உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளதாகக் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அந்த உரிய அலுவலர் தாங்கள்தான் என்று நம்பி மறுபடியும் எழுதுகிறோம்.

1. பள்ளியின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. தலைமையாசிரியர் தம்மால் ஆனதைச் செய்கிறார். கணித ஆசிரியர் தம் பாடவேளை முடிந்த பிறகு இயற்பியல் கணக்குகளைப் போட்டுக் காட்டுகிறார். வேதியியல் ஆசிரியை அணு இயற்பியலில் தமக்குத் தெரிந்த பகுதியை நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் சொந்தப் பாடத்தை முடிக்க வேண்டும் அல்லவா?

2. பெற்றோராக நாங்களும் சும்மா இருக்கவில்லை. மாலைப் படிப்பு வகுப்புக்கு அம்மாக்கள் முறைவைத்து வந்து உட்காருகிறோம். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நாங்கள்தான். மணற்கேணி செயலியில் பாடம் பார்க்கட்டும் என்று வீட்டில் இருக்கும் ஒரே செல்போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எங்களில் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தீர்மானம் போட்டு அனுப்பினோம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் பங்கேற்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டார்கள், பங்கேற்றோம். அந்தத் தீர்மானம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

3. ஐயா, எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 11 அலகுகள். இரண்டு தொகுதிப் புத்தகம். இதுவரை முதல் தொகுதியே பாதி தாண்டவில்லை, முடிந்த பகுதியும் பிள்ளைகள் தாங்களாகப் படித்தது. போன வாரம் ஒரு பெண் வீட்டில் லென்ஸ் விதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய காரணத்தையே எதிர்க்கும் என்று நான்கைந்து தடவை சொல்லிவிட்டு, “ஏம்மா எதிர்க்கணும்?” என்று கேட்டாள். அந்தத் தாய் பத்தாவது வரை படித்தவர். அவர் என்ன பதில் சொல்வார்? ஒரு காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டிவிடக்கூடிய விஷயம் அது. காந்தமும் சுருளும் பூட்டிய ஆய்வகத்துக்குள் இருக்கின்றன.

செய்முறையின் கதை இதைவிட மோசம். இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 மதிப்பெண்ணுக்கு மீட்டர் பிரிட்ஜும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் ஜீனர் டையோடும் கையாண்டு பார்த்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ரெக்கார்டு நோட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்! போன வருடம் படித்த அண்ணன் அக்காக்களின் நோட்டைப் பார்த்து, முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைத் தாங்களே அளந்ததுபோல அளவீடுகளோடு எழுதியிருக்கிறார்கள். பொய்யாக எழுதுவதைப் பள்ளிப் பருவத்திலேயே பழக்குகிறோமே ஐயா. பிப்ரவரியில் வெளித்தேர்வாளர் வந்து கருவியின் முன் நிறுத்தினால் எந்தப் பக்கம் திருகுவது என்றுகூடத் தெரியாமல் நிற்கப்போகிறார்கள். அன்றைக்குத் தலைகுனிவது அந்தப் பிள்ளைகள்தான், காலிப் பணியிடப் பட்டியல் அல்ல.

பொறியியல் கட்-ஆஃப் 200இல் 50 இயற்பியலில் இருந்து வருகிறது. நீட் தேர்வின் 720இல் 180 இயற்பியல். கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்.

4. “வசதி இருந்தால் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுங்களேன்” என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். வசதி இல்லை, அது ஒரு பக்கம். இருந்தாலும் மாற்ற முடியாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, 2021இல் பொறியியலுக்கும் வந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி ஆண்டில் டி.சி. வாங்கினால் அத்தனை வருடப் படிப்புக்கான உரிமையும் போய்விடும். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் நம்பித்தான் பிள்ளைகளை இங்கேயே விட்டிருக்கிறோம். அரசை நம்பி இருந்தவர்களுக்கு வாத்தியார் இல்லை என்றால் அந்த ஒதுக்கீட்டு இடம் யாருக்குப் போகும்? வாத்தியார் இருக்கிற வேறு ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

5. பணியிடம் காலியாக இருக்கிறது என்று சொல்லத்தான் மனு கொடுத்தோம். நேரில் வந்து கேட்டால் “பணியிடம் காலியாக இருக்கிறது” என்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியும் ஐயா! எப்போது நிரம்பும் என்பதுதான் கேள்வி.

6. நிரப்புங்கள்.

ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் நிரந்தர நியமனம் நடக்க நாளாகும் என்பது எங்களுக்கும் புரிகிறது. சரி, அதுவரை பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியரை மாற்றுப்பணியில் அனுப்புங்கள். வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் போதும். அதுவும் முடியாதென்றால், பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் ஒருவரை நியமித்துக்கொள்ள அனுமதியும் அதற்கான நிதியும் கொடுங்கள். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருப்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு வழிகளைச் சொல்லிவிட்டோம், இரண்டும் தங்கள் அலுவலகம் நடவடிக்கை எடுத்தால் நடக்கக்கூடியவை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஆசிரியர் வந்தால்கூட இரண்டாம் தொகுதியை முடித்துவிடலாம், செய்முறையை ஒரு சுற்றாவது செய்து பார்க்கலாம். பொங்கலுக்குப் பிறகு வந்து பயனில்லை. இந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வருடம்தான் இருக்கிறது. ஆகவே இயற்பியல் ஆசிரியர் ஒருவரை உடனடியாக அனுப்பிவைக்குமாறும், எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள் என்பதை எழுத்து மூலம் தலைமையாசிரியருக்கும் எங்களுக்கும் தெரிவிக்குமாறும் தங்களை மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவுப் பெற்றோர்

இணைப்பு: பெற்றோர் கையெழுத்துகள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகை நகல்கள்.