படம் மட்டும் போதுமென்றால் பெட்டியைத் தர மாட்டேன்

நம்ம செட்டிநாட்டு ஊர்ப் பெரிய வீட்டில் காட்சியகம் வைக்கப்போகும் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, காலமான எங்கள் அப்பா வரைந்த படங்களைக் காட்சியகத்துக்குக் கேட்டீர்கள். கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், தருவதிலும் தடையில்லை. அப்புறம் நானாகத்தான் அந்த மூன்று தகரப் பெட்டிகளையும் திறந்து காட்டினேன். மேலாக்கக் கிடந்த பென்சில் படங்களில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்த ஒரு அண்ணன், இதுகளை மட்டும் பிரேம் போட்டு மாட்டிவிடலாம், மற்ற காகிதமெல்லாம் எதற்கு, இடத்தை அடைக்கும், எடைக்குப் போட்டுவிடு என்றார். அடியில் இருந்த பேரேட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இது கடைக் கணக்கப்பா என்று மூடி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்து, பொறுக்கின படங்களையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, வந்தால் கோபமாக வரும். அதனால்தான் எழுதுகிறேன். குழுவுக்கு மட்டும் எழுதினால் மினிட்ஸ் நோட்டில் ஒரு வரியாகப் போய்விடும் என்பதால் ஊரே படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். கடைகளுக்குப் போர்டு எழுதினார், நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தார், கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசினார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது வீட்டுப் பெரியவர்களின் படங்கள்தான். பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தபாலில் ஒரு சின்ன போட்டோ வரும். அதில் கட்டம் போட்டு, கித்தானில் பெரிதாகக் கட்டம் போட்டு, ஆளுயரத்துக்கு ஆயில் பெயிண்டில் இறக்கிக் கொடுப்பார். உங்கள் வீடுகளில் முகப்பிலும் வளவிலும் இன்றைக்கும் தொங்குகிற ஐயாக்களிலும் அப்பத்தாக்களிலும் பாதிப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உலர்ந்தவர்கள்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு ஆர்டருக்கு ஒரு கட்டு என்று அப்பா சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஒரு கட்டைப் பிரித்தால் முதலில் படம் கேட்டு வந்த கடிதம், அதற்குள் அந்தச் சின்ன போட்டோ, அடுத்து கட்டம் போட்ட டிரேசிங் தாள், பிறகு முகத்தை மட்டும் பழகிப் பார்த்த பென்சில் படம், கடைசியில் பெயிண்ட் வாங்கிய பில். இப்படி ஒரு கட்டில் இருக்கும் கடிதத்தைப் படித்துச் சொல்கிறேன். மலாயாவில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன ஒருவர் எழுதியது. அப்பச்சி காலமாகி வருஷம் ஆகிறது, இருப்பது இந்த ஒரே போட்டோதான், இதில் காதில் கடுக்கன் இல்லை, கடைசிக் காலத்தில் கஷ்டம் வந்து விற்றுவிட்டார், படத்தில் கடுக்கனைப் போட்டுவிடுங்கள், ஆத்தா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று எழுதியிருக்கிறார். அதே கட்டில் இருந்த பென்சில் படத்தில் ஒரு காதில் மட்டும் நாலு விதமான கடுக்கன் போட்டுப் பார்த்திருக்கிறார் அப்பா. அந்தப் பென்சில் படமும் அன்றைக்கு அண்ணன் பொறுக்கி எடுத்ததில் ஒன்று. கடிதத்தை எடைக்குப் போட்டுவிட்டு இதைப் பிரேம் போட்டு மாட்டினால், ஓவியர் ஏதோ நகை டிசைன் பழகியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பார்க்க வருகிறவர் நகர்ந்துவிடுவார்.

ஆவணக் காப்பகங்களில் வேலை செய்கிறவர்கள் முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான். தாள்களை வைத்திருந்தவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். அழகானது தனி, கணக்கு தனி, கடிதம் தனி என்று பிரித்து அடுக்கிவிட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பிரித்ததைப் பிறகு எந்தக் கொம்பனாலும் சேர்க்க முடியாது.

இப்போது அந்தக் கடைக் கணக்குக்கு வருகிறேன். பேரேடும் ஐந்தொகையும் வைத்துக்கொண்டு பர்மா வரைக்கும் போய்த் தொழில் செய்த பரம்பரை, ஒரு பேரேட்டைப் பார்த்துக் குப்பை என்று சொன்னதுதான் எனக்கு அன்றைக்குத் தாங்க முடியவில்லை. அதில் யார் வீட்டுக்கு யாருடைய படம், என்ன அளவு, எந்தத் தேதி, என்ன கலர் வாங்கினது, அட்வான்ஸ் எவ்வளவு எல்லாம் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் ஒருநாள் நடந்து பாருங்கள். எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு, யார் வீட்டு ஐயா என்று ஒரு விவரமும் இல்லாமல் படங்கள் சுவரில் சாய்ந்து கிடக்கும். வீடு விற்றுப் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது பெயர் போய்விட்டது, மரச் சட்டத்துக்கு மட்டும் விலை இருக்கிறது. அப்பா வரைந்தது ஒன்று அங்கே அகப்பட்டால் இந்தப் பேரேட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கலர் விஷயம் இன்னும் முக்கியம். வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், இவன் அப்பனை யாரோடு ஒப்பிடுகிறான் பார் என்று சிரிக்க வேண்டாம். டச்சு ஓவியர் வான்கா 1888-இல் வரைந்த படுக்கையறைப் படத்தில் சுவர் இன்றைக்கு நீலமாகத் தெரிகிறது. ஆனால் அவர் கைப்படத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்று இருக்கிறது. அவர் கலந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. கடிதம் இல்லையென்றால் அது நீலச் சுவர் என்றே உலகம் நம்பியிருக்கும். அந்தக் கடிதங்களைக் கட்டிக் காத்து 1914-இல் அச்சில் கொண்டுவந்தவர் தம்பியின் மனைவி ஜொஹானா. வீட்டுப் பெண் ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். நம் வீடுகளில் அப்பா வரைந்த ஆச்சிகளின் அரக்குச் சேலை பல படங்களில் இப்போது வெளிறிய பழுப்பாக இருக்கிறது. பேரேட்டில் அந்த வருஷங்களில் கிரிம்சன் லேக் வாங்கினதாக எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் நிற்காத சிவப்பு அது. நாளைக்கு யாராவது இந்தப் படங்களைச் சரிசெய்ய வந்தால் சேலை என்ன நிறம் என்று கேட்க இந்தப் பேரேட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

இதெல்லாம் பெரிய ஊர்க்காரர்கள் செய்கிற வேலை என்று சொல்லாதீர்கள். கோட்டையூர் நமக்கு எத்தனை தூரம்? அங்கே விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, ஒரு தனி ஆள், பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் அதை வைத்துச் சென்னையில் நூலகம் தொடங்கியது. இன்றைக்குத் தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் முடியாது. அதுவும் ஒரு போர்டு எழுதுகிறவர் சேர்த்த காகிதம்தான். நல்ல இடத்துக்குப் போனது, எனக்குக் குறையில்லை. ஆனால் கோட்டையூரிலிருந்து ஒருவர் அதைப் பார்க்க ராத்திரி ரயில் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1919-இல் பாரதி காரைக்குடி வந்தபோது இந்து மதாபிமான சங்கத்தார் அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்களே, அன்றைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர்கள் நினைத்திருந்தால்?

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. அரசு ஆவணங்களுக்கு 1993-இல் ஒரு சட்டம் வந்தது, அது தனியார் தாள்களைத் தொடாது. தொல்பொருள், கலைச் செல்வங்கள் பற்றிய 1972 சட்டத்தின்படி கலைச் செல்வம் என்று அறிவிக்கப்பட்ட ஓவியர்கள் ரவிவர்மா தொடங்கி ஒன்பது பேர், அதில் ஒரு தமிழர் கிடையாது. கோவில்பட்டியில் உட்கார்ந்து நம் வீட்டுப் பூசையறைகளுக்கெல்லாம் சாமி முகம் கொடுத்த கொண்டையராஜுவே அந்தப் பட்டியலில் இல்லாதபோது எங்கள் அப்பா எந்த மூலை. ஆகவே நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

சரி, பார்த்துக்கொள்வது என்றால் என்ன? ஏசி அறை கேட்கவில்லை. முதலில் லேமினேட் செய்யாதீர்கள். அன்றைக்கு ஒருவர் அதையும் சொன்னார், நான் டிடிபி கடை வைத்திருப்பவன் என்பதால் மெஷினும் உன்னிடமே இருக்கிறதே என்றார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுக்க வேண்டும். அமிலம் இல்லாத காகித உறைகள் விலைக்குக் கிடைக்கின்றன, அதில் போட்டு அட்டைப்பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். மேல்மாடியில் ஓட்டுக்கு அடியில் வைத்தால் சித்திரையில் வெந்துவிடும், ஐப்பசியில் ஒழுகிவிடும். கீழ்க்கட்டில் தடித்த சுவருக்கு நடுவே உள்ள அறைகளில் ஒன்று போதும், நம் முன்னோர் கட்டிய சுண்ணாம்புச் சுவர் வருஷம் முழுக்க வெக்கையை ஒரே மாதிரி தாங்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் அலமாரி, சுவரை ஒட்டாமல். கரையானும் ராமபாணமும் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை யாராவது திறந்து பார்க்க வேண்டும். ஒரு எண்ணும் போடாமல் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. எண்ணையும் பென்சிலில்தான் போட வேண்டும். ஸ்கேன் செய்யும் வேலையை என் கடையில் நானே காசு வாங்காமல் செய்து தருகிறேன், ஆனால் ஸ்கேன் முடிந்ததும் அசலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற பேச்சு வரவே கூடாது. ஊசியால் வரிசையாக ஓட்டை குத்திய தாள்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அதன் மேல் கரித்தூள் மூட்டையால் தட்டினால் சுவரில் கோடு விழும். அதை ஸ்கேன் செய்தால் வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் அதில் முருகன் இருப்பது தெரியும்.

இன்னொன்றும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். அந்தக் கடிதங்களில் உங்கள் வீட்டு விஷயங்களும் இருக்கின்றன. கடன், கோர்ட், நின்றுபோன கல்யாணம், மலாயாவில் இன்னொரு குடும்பம். எழுதினவர்கள் ஓவியனிடம்தானே என்று மனம் விட்டு எழுதியிருக்கிறார்கள். தாள் நம் கையில் இருந்தாலும் கடிதத்தின் பதிப்புரிமை எழுதினவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். ஆகவே அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைக்கவோ அச்சிடவோ அந்தந்த வீட்டாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்ன கட்டு இன்ன வருஷம் வரை திறக்கக் கூடாது என்று உறை மேல் எழுதி மூடி வைக்கலாம், எல்லாக் காப்பகத்திலும் இந்த வழக்கம் உண்டு. ஒளிப்பதற்காகக் கிழிப்பதுதான் கூடாது.

அப்புறம் அந்தப் பேரேட்டை அண்ணன் ஏன் அவ்வளவு அவசரமாக மூடினார் என்று யோசித்தேன். வலது பக்கக் கடைசி வரியில் பாக்கி என்று இருக்கும். உங்களில் நாலு பேர் வீட்டுப் பாக்கி அதில் இருக்கிறது. அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டு வர மாட்டேன், பேத்தி காலத்திலும் யாரும் வர மாட்டார்கள். கவலைப்படாமல் வாங்கி வையுங்கள்.

என் பக்கம் கேட்பது அதிகமில்லை. மூன்று பெட்டியும் மொத்தமாகப் போக வேண்டும், கட்டுகள் பிரியக் கூடாது. என்னென்ன வாங்கினோம் என்று பட்டியல் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை வந்து கேட்டாலும் பார்க்கக் கொடுக்க வேண்டும். காட்சியகத்தை நடத்த முடியாமல் போனால் பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிடாமல் என்னையோ ஒரு நல்ல நூலகத்தையோ கூப்பிட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் படங்களும் சேர்ந்து வரும். படம் மட்டும் போதும் என்றால் படமும் காகிதமும் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் அடித்துப் பிழைக்கிற மகனுக்கு அப்பா படுதாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் கடமையாவது இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையில் வந்தால் பெட்டிகளை முகப்பில் எடுத்து வைத்திருப்பேன். வரும்போது அந்தப் பென்சில் படங்கள் பன்னிரண்டையும் திருப்பிக் கொண்டுவாருங்கள், எந்தக் கட்டிலிருந்து எடுத்தது என்று எனக்கு நினைவிருக்கும்போதே உள்ளே வைத்துவிட வேண்டும்.