மரபணு ரிப்போர்ட் மாறினால் யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2022-ல் என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. வயது 41. குடும்பவழி வருகிற நோயா என்று பார்க்க மரபணு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. பதினான்கு பக்கமும் ஆங்கிலம். இரண்டாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டம்: பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் (இது பழுதானால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும்) ஒரு மாற்றம், விளைவு உறுதியாகத் தெரியவில்லை.

லேபுக்குப் போன் செய்தால், "டாக்டர்கிட்ட கேளுங்க மேடம்" என்றார்கள். டாக்டர் அறை வாசலில் அன்று நல்ல கூட்டம். "சினைப்பையை எடுத்துடறது நல்லது, பொண்ணுக்கும் டெஸ்ட் பண்ணிடுங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பெண்ணுக்கு 19 வயது. அன்று இரவு பெரம்பூர் வீட்டில் என் தங்கை மகளுக்குத் தலை பின்னினாள். பின்னி முடித்ததை அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னினாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன், வேறொரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்த்தோம். பழைய பில்லின் பின்பக்கத்தில் அவர் ஐந்து கட்டம் போட்டார். இந்த ஓரம் நோய் தருவது, அடுத்தது அநேகமாக நோய் தருவது. அந்த ஓரம் தீங்கில்லாதது, அதன் பக்கத்தில் அநேகமாகத் தீங்கில்லாதது. "நடுவில் இருப்பதுதான் உங்களுடையது. 'இன்னும் தெரியாது' என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்" என்றார். 2015-ல் அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் வகுத்த முறையாம். நடுக் கட்டத்தை நம்பி உறுப்பை எடுக்கவோ, பிள்ளைகளுக்கு டெஸ்ட் செய்யவோ கூடாது. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் நோய் வந்தது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சினைப்பை தப்பியது.

நம்மவர்களுக்கு இந்த நடுக் கட்டம் அதிகம் வரக் காரணம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. இங்கே பலருக்கும் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அந்தக் கணக்கில் அபூர்வமாகத் தெரியும். சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது எனக்கு உண்மையிலேயே ஆறுதலான செய்தி.

சரி, என் குறைக்கு வருகிறேன். போன மாதம் அதே ஆலோசகர் ரிப்போர்ட்டை மறுபடி சரிபார்த்தார். அந்த மாற்றம் 'அநேகமாகத் தீங்கில்லாதது' என்று ஆகி ஒரு வருடத்துக்கு மேலாகிறதாம். மாற்றியது அதே லேப். எங்கள் நம்பர் அவர்களிடம் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வருடமும் என் தங்கை ஒவ்வொரு வயிற்று வலிக்கும் ஸ்கேன் எடுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு பக்க விளக்கம், உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஓர் ஆள், முடிவு மாறினால் நோயாளிக்கு ஒரு போன். இந்த மூன்றையும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வீட்டில் இப்படி ஒரு மஞ்சள் கட்ட ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போய், "இப்போது என்ன போட்டிருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை