கட்சிக் கணக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருந்துறை வட்டாரத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் 26 வருடம் செயலாளராக இருந்தவன் நான். ஒரு வருடம் தணிக்கைக்கு வந்தவர், கால்நடை முகாமில் வாங்கிய டீ, வடைக்கு ரசீது இல்லை என்று 140 ரூபாய்க்கு ஆட்சேபணை எழுதிவிட்டார். டீக்கடைக்காரரிடம் ரசீது புத்தகம் ஏது? கடைசியில் என் கைக்காசைக் கட்டினேன். அவர் மேல் அப்போது கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவரை அனுப்பியது அரசு. நாங்கள் பார்த்துப் பிடித்த ஆள் இல்லை.

அரசியல் கட்சிகள் விஷயம் வேறு. வருமான வரி விலக்குக்காகப் பட்டயக் கணக்காளர் தணிக்கை கட்டாயம். அவரைத் தேர்ந்தெடுப்பதோ கட்சியேதான். வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர் பெயரைத்தான் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். பெரிய தொகையைப் பத்துப் பேர் கணக்கில் பிரித்து எழுதினால் யார் வீடு வீடாகப் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் ரத்து செய்த பிறகுதான், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலே நம் கண்ணில் பட்டது. அது வரவு. செலவில், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் வரம்பு உண்டு; கட்சிக்கு வரம்பே கிடையாது.

ஆணையம் குறிப்பிடும் அமைப்புகளே கட்சிக் கணக்கைத் தணிக்கை செய்யட்டும் என்று தேர்தல் ஆணையம் 2004-லேயே பரிந்துரைத்தது. அதை இப்போதாவது சட்டமாக்கட்டும். மாநாட்டுப் பந்தல், பிரியாணி ரசீதையும் ஒருவர் புரட்டிப் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற பால் சங்கச் செயலாளர்,
பெருந்துறை