12தான் வருகிறது என்கிறாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம், புது வீடும் நல்லபடியாக அமைந்துவிட்டது, ஆனால் பாதிக் கடிதத்தை இணைய இணைப்புக் கொடுத்தவனைத் திட்டுவதற்கே செலவழித்திருக்கிறாயே! வேகம் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு 12தான் தருகிறானாம், பகல் கொள்ளையாம். படித்ததும் சிரித்துவிட்டேன். 1999இலும் நீ இதே சண்டையைப் போட்டாய். தொலைபேசி லைன் வழியாக இணையத்தைக் கொண்டுவரும் அந்த 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடத்தை மாட்டிய அன்று, திரையில் 5 என்றுதான் காட்டுகிறது, மீதி 51 எங்கே போனது என்று விற்றவரிடம் மல்லுக்கு நின்றாய்.

அன்றைக்குச் சொன்ன பதில்தான் இன்றைக்கும். அவர்கள் கணக்கு பிட்டில், உன் கம்ப்யூட்டர் காட்டுவது பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்துப் பார், 12.5. உனக்கு 12 வருகிறதென்றால் அவன் சொன்ன சொல் தவறாத ஆள். மோடத்துக்கும் 7 வந்திருக்க வேண்டும், லைனில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் போதும், அது 56ஐ மறந்துவிட்டு 44, 45 என்று இறங்கிக்கொள்ளும், அதனால்தான் 5.

சரி, அந்த 5ஐயும் இந்த 12ஐயும் பக்கத்தில் வைத்துப் பார். அது நொடிக்கு 5 கிலோபைட், இது நொடிக்கு 12 மெகாபைட். ஒரு மெகா என்பது ஆயிரம் கிலோ, ஆக 2,400 மடங்கு. எண்ணாகச் சொன்னால் மனதில் ஒட்டாது, நாம் இறக்கப் பார்த்த அந்த 30 எம்பி (மெகாபைட்) கம்ப்யூட்டர் விளையாட்டை நினைத்துக்கொள். ஒரு மணி நேரம் 40 நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு, எல்லாரும் தூங்கிய பிறகு ஆரம்பித்து, இருட்டில் பச்சைக் கோடு நகருவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், 27 எம்பி வந்திருந்தபோது உன் அக்கா அடுத்த அறையில் அதே லைனின் ரிசீவரை எடுத்து ஹலோ என்றாள். அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியெல்லாம் நம்மிடம் ஏது, மறுபடி பூஜ்யம். இன்று அதே 30 எம்பி உனக்கு இரண்டரை விநாடி. அக்கா ஹலோ சொல்லி முடிப்பதற்குள் இறங்கியிருக்கும்.

மோடம் போட்ட அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எண்களைச் சுழற்றும், கொஞ்சம் மௌனம், அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில், அப்புறம் தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்கியதுபோல இரைச்சல். வெறும் கூச்சல் என்றுதான் அன்று நினைத்தேன். 2100 ஹெர்ட்ஸில் வந்த அந்த விசில், 'இது மனிதப் பேச்சு இல்லை, எதிரொலியை அடக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்து' என்று தொலைபேசி வலையமைப்புக்குச் சொன்ன சேதியாம். இதைப் பிற்பாடு படித்தபோது, இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்ததுபோல இருந்தது.

கம்பியைத்தானே நாம் அன்று குறை சொன்னோம்? பாவம், தவறு அதன்மேல் இல்லை. தொலைபேசி மனிதக் குரலுக்காகச் செய்தது, 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே போவதை அது ஏறக்குறைய வெட்டிவிடும். எக்ஸ்சேஞ்சில் அந்தக் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதிக்கொள்வார்கள், மொத்தம் 64,000 பிட். மோடத்தால் அதில் 7 பிட்டைத்தான் நம்ப முடிந்தது, 8000ஐ 7ஆல் பெருக்கு, 56,000. எவ்வளவு கெட்டிக்கார மோடமாக இருந்தாலும் குரல் போகும் பாதையில் இதைத் தாண்ட முடியாது. பின்னால் டிஎஸ்எல் வந்து அதே செம்புக் கம்பியில் குரல் தொடாத உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்தியதும் வேகம் மெகாபிட்டுக்குத் தாவியது. அத்தனை வருடமும் கம்பி சும்மாதான் கிடந்திருக்கிறது!

பக்கங்கள் இன்னும் மெதுவாகத்தான் திறக்கின்றன என்ற உன் இரண்டாவது புகார் மட்டும் நியாயம். போன வாரம் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து அளந்து பார்த்தேன், பத்து வரிச் செய்திக்கு 3 எம்பி. 1.44 எம்பி கொள்ளும் நம் பழைய ஃபிளாப்பி தட்டில் அதில் பாதிகூட அடங்காது, நம் மோடத்தில் திறந்திருந்தால் 10 நிமிடம். சாலையை அகலமாக்க ஆக்க வண்டியும் பெருத்துக்கொண்டே போகிறது. அதோடு, கேட்டதற்குப் பதில் வரும் நேரம் 2,400 மடங்கெல்லாம் குறையவில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், உலகின் மறுகோடிக்குப் போய்த் திரும்ப 40,000 கிலோமீட்டர், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதிகக் காசு கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது, எனவே இதற்காக யாரையும் போனில் திட்டாதே.

பேரன் தவழும் வீடியோ 300 எம்பி இருக்கிறது, பெரிதாயிற்றே, சுருக்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மோடத்தில் மேலே ஏற்றும் வேகம் 33.6 கிலோபிட்தான், நீ ஏற்றி முடிக்க 20 மணி நேரம் ஆகியிருக்கும், அதுவும் அக்கா போனைத் தொடாமல் இருந்தால். சுருக்காதே, முழுசாக அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி