தற்காலிகக் கட்டுமானங்களுக்குத் தனி அனுமதி விதி கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கட்டடக் கலைஞர்கள், தச்சர்கள், குடியிருப்போர் சேர்ந்த குழு

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: காலியாகக் கிடக்கும் மாநகராட்சி இடங்களிலும் தெருவோரங்களிலும் கழற்றி எடுக்கக்கூடிய அமைப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுவ, தனி அனுமதி முறை ஏற்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

கட்டட அனுமதி விண்ணப்பத்தில் அஸ்திவாரத்தின் ஆழத்தைக் கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு மாதம் நின்றுவிட்டுக் கழற்றப்படும் சாரக் குழாய்க் கூரைக்கு அஸ்திவாரம் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நிறைவாக இல்லை என்று திரும்பி வருகிறது. 'இல்லை' என்று எழுதினால் பாதுகாப்பு இல்லை என்று திரும்பி வருகிறது. இதற்கு அலுவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அறுபது வருடம் நிற்கப்போகும் கட்டடத்துக்கு எழுதிய விதிதான் அவர்கள் கையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கென்று ஒரு விதி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

1995-ல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோது, ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் வீடிழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்களால் வீடு கட்டினார். சுவருக்கு வரிசையாக நிறுத்திய குழாய்களின் விட்டம் 106 மில்லிமீட்டர், குழாய்த் தகட்டின் தடிமன் வெறும் 4 மில்லிமீட்டர். மேலே கூடாரத் துணி. அடியில் பீர் பாட்டில் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, அவற்றுக்குள் மணல் மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். அஸ்திவாரம் அவ்வளவுதான். தோண்டவில்லை, கான்கிரீட் ஊற்றவில்லை. இதே பான் 2014-ல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கனமான கட்டடம் தன் பாரத்தால் கீழே இறங்கிவிடக் கூடாது என்பது பொறியாளரின் கவலை. இலேசான அமைப்புக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது: காற்று அதை மேலே தூக்கிவிடும். அதனால் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. எத்தனை கிலோ பாரம் வைத்துப் பிடித்திருக்கிறீர்கள், அது மணலா, தண்ணீர்த் தொட்டியா? எவ்வளவு வேகத்தில் காற்று வீசினால் துணியை இறக்குவீர்கள்? இறக்கும் பொறுப்பு யாருடையது? இந்த மூன்றையும் இப்போதைய விண்ணப்பம் கேட்பதில்லை. ஆழத்தைக் கேட்கிறது. அஸ்திவாரம் இல்லாத ஒன்றை நாங்கள் பாதுகாப்பாகவே செய்திருந்தாலும், அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை.

அடுத்து, இடம். கட்டடம் இடித்த மனை, வழக்கில் மாட்டிய நிலம், டெண்டர் முடியாத திட்ட இடம், மேம்பாலத்தின் அடிப்பகுதி. எந்த நகரத்திலும் இவை உண்டு. பெரும்பாலும் தகரம் அடித்து மூடிவிடுகிறோம், உள்ளே குப்பை சேர்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. மாநகராட்சியின் துறையில் வேலை பார்த்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947-ல் ஒரு சின்னச் சதுக்கத்தில் சிறுவர் விளையாட்டிடம் அமைத்தார். கான்கிரீட் விளிம்பு கட்டிய மணல் குழி, குட்டிக்கரணம் போட வளைந்த இரும்புக் கம்பிகள், இவ்வளவுதான் சாமான். அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1978 வரை 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் உருவாயின. அவற்றில் பல, மனைக்கு வேறு வேலை வந்ததும் போய்விட்டன. போனதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. இதைச் செய்தது அரசுக்கு வெளியே இருந்த ஒரு கலைஞர் கூட்டம் இல்லை, ஒரு மாநகராட்சி அலுவலகம் என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம்.

2011 பிப்ரவரி 22-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரின் மையப் பகுதி நிலநடுக்கத்தில் நொறுங்கியது. அதே அக்டோபரில் கப்பல் கன்டெய்னர்களைக் கொண்டு ஒரு கடைவீதி திறந்தது. மறுபடி கட்ட நிலம் தேவைப்பட்டபோது கன்டெய்னர்கள் வேறு இடத்துக்கு நகர்ந்தன, 2018-ல் கடைவீதி மூடியது. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது அங்கே காலி மனையில் போட்ட நடன மேடை. காசு போட்டுத் துணி துவைக்கும் ஒரு பழைய சலவை இயந்திரத்தைப் பாட்டுப் பெட்டியாக மாற்றியிருந்தார்கள். கைபேசியை அதில் செருகிக் காசைப் போட்டால் நான்கு ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் உயிர் பெறும். ஊரில் ஆடுவதற்கு இருந்த கூடங்களெல்லாம் இடிந்து கிடந்த நேரம் அது. இடம் மாற வேண்டியபோது மேடையும் மாறியது.

லண்டனில் 2010-ல் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்று சில வாரங்களுக்குத் திரையரங்கமானது. கூரைக்கு அடியில் விரிக்கும் தாளை வாங்கி, கையால் தைத்து, பங்கின் கூரையைச் சுற்றித் திரையாகத் தொங்கவிட்டார்கள். படம் முடிந்ததும் அந்தத் திரை மேலே ஏறும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று நடுத்தெருவில் இருப்பார்கள்! இதைச் செய்த அசெம்பிள் என்ற இளைஞர் குழுவுக்கு, பின்னர் செய்த வேறொரு வேலைக்காக, 2015-ல் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது.

இவை விளையாட்டுக் காரியங்களாகத் தோன்றலாம். சரி, கணக்காகவே ஒன்று சொல்கிறோம். நியூயார்க்கில் 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடினார்கள். தரைக்குப் பெயின்ட், ஓரத்தில் தடுப்புகள், உட்கார மலிவான மடக்கு நாற்காலிகள். சில மாதங்கள் அளந்து பார்த்ததில் பாதசாரிகள் காயமடைவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2010-ல் அதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். சாலையைத் தோண்டித் தளம் போட்டது அதற்கும் பிறகுதான். ஒருவேளை தப்பாகப் போயிருந்தால், நாற்காலிகளை மடக்கி எடுத்திருப்பார்கள். பெரும் செலவில் கட்டிய பிறகு தப்பு என்று தெரிந்தால் எதை மடக்குவது?

உங்கள் தரப்பில் இருக்கும் தயக்கம் எங்களுக்குத் தெரியும். 'தற்காலிகம் என்று வருவார்கள், அப்புறம் எழுந்திருக்க மாட்டார்கள்.' நியாயமான பயம்தான். ஈஃபில் கோபுரமே 20 வருட அனுமதியில் 1889-ல் எழுந்து, வானொலித் தந்திக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. இதற்கு மருந்து அனுமதியை மறுப்பது இல்லை, அனுமதியிலேயே முடிவு தேதியை எழுதுவது. அந்தத் தேதியை அமைப்பின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கழற்றும் செலவை முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் கட்டச் சொல்லுங்கள். தேதி தாண்டினால் அந்தப் பணத்தில் மாநகராட்சியே கழற்றட்டும். வெல்டிங் வேண்டாம், நட்டும் போல்ட்டும் மட்டும் என்று விதியில் சேருங்கள். எப்படிக் கழற்றுவது, எந்தப் பாகம் எங்கே போகும் என்ற திட்டம் இல்லாத வரைபடத்தை ஏற்க வேண்டாம். கூட்ட அளவு, இரண்டு வெளிவழிகள், எளிதில் தீப்பிடிக்காத துணி, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஆகியவற்றில் எந்தத் தளர்வும் எங்களுக்கு வேண்டாம். நாங்கள் கேட்கும் தளர்வு நேரத்தில்தான்: மூன்று மாதம் நிற்கப்போகும் ஒன்றுக்கு ஆறு மாதம் கோப்பு சுற்றக் கூடாது. துறைகள் எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக வந்து பார்த்து, முப்பது நாளில் சரி அல்லது இல்லை என்று காரணத்தோடு சொன்னால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகளை நாங்களே வைக்கிறோம். ஒன்று, இந்த விதியில் குடியிருப்பைச் சேர்க்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் தொடங்கி, அடுத்த சில வருடங்களில் பிரிட்டன் பத்து வருடத்துக்கென்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை, தொழிற்சாலையில் பாகங்களாகச் செய்து கொண்டுவந்து, பொருத்தி அமைத்தது. அவற்றில் பலவற்றில் மக்கள் பல பத்தாண்டுகள் இருக்க நேர்ந்தது. வீடு கேட்பவருக்குக் கன்டெய்னரைக் காட்டிக் காலம் கடத்த இந்த மனு சாக்காகிவிடக் கூடாது. இன்னொன்று, தெருவோர வியாபாரிகள். தள்ளுவண்டியைப் பத்து நிமிடத்தில் கடையாக விரித்து இரவில் மடக்கிவிடும் அவர்கள்தான் இந்தத் தொழிலில் எங்களுக்கு மூத்தவர்கள். புதிய அனுமதி முறை அவர்களை வெளியேற்றும் கருவியானால், அது வராமலே இருக்கலாம்.

ஆகவே ஐயா / அம்மா, மேலே சொன்னவற்றை உள்ளடக்கிய தற்காலிகப் பயன்பாட்டு விதி ஒன்றை மாமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்குமாறும், அதற்கு முன்னோட்டமாக உங்களுக்குப் பொருத்தமாகப் படும் ஒரு காலி இடத்தை ஆறு மாதத்துக்கு ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், யாருக்கும் வேண்டாத இடமானாலும் சரி. எத்தனை பேர் வந்தார்கள், எந்த வயதினர், எந்த நேரத்தில், அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன தொந்தரவு என்பதை மாதந்தோறும் எழுதித் தருகிறோம். நிறுவும் நாளில் உங்கள் பொறியாளர் ஒருவரையும், கழற்றும் நாளில் அதே பொறியாளரையும் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: மாதிரி விண்ணப்பப் படிவம் (அஸ்திவார ஆழத்துக்குப் பதிலாகக் காற்று, பாரம், பொறுப்பாளர் விவரங்களுடன்), கழற்றும் திட்டத்தின் மாதிரி வரைபடம்.