தூக்கிலிருந்து விடுதலையானவருக்கு நிவாரணமும், புலனாய்வு செய்தவர்கள் மீது விசாரணையும் கோரி மனு

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

ஐயா, வணக்கம்.

2011 மே மாதம் எங்கள் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஓர் இளம்பெண்ணும் இளைஞரும் கொலையானார்கள். அந்த வழக்கில் கைதானவருக்கு 2018-ல் தேனி நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, மறு ஆண்டே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. டிஎன்ஏ மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகுமுன் யார் பொறுப்பில் இருந்தன, அனுப்ப ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டால் அரசுத் தரப்பிடம் ஒழுங்கான பதிலே இல்லை. ஒரு உயிரை எடுக்க நம்பியிருந்த ஆதாரத்தின் லட்சணம் இது! இனி மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கைமாறுவதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியதாயிற்று.

சரி, விட்டுவிட்டார்கள். அப்புறம்?

ஆதாரமில்லாமல் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு தரப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 399 இருக்கிறது. அதிகபட்சம் 1,000 ரூபாய், அதையும் கைதுக்குக் காரணமானவர்தான் தர வேண்டும், அரசு இல்லை. பொய் வழக்கில் சிறைப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று மத்திய சட்ட ஆணையம் 2018-லேயே 277-வது அறிக்கையில் சொல்லிவிட்டது, அது அப்படியே கிடக்கிறது. மகாராஷ்டிரத்தில் தூக்குத் தண்டனையிலிருந்து 2019-ல் விடுதலையான ஆறு பேருக்குத் தலா 5 லட்சம் தரச் சொன்னதுகூட உச்ச நீதிமன்றம்தான், எந்த அரசும் தானாகத் தரவில்லை.

டெல்லி சட்டம் போடட்டும் என்று காத்திருக்காமல் ஓர் அரசாணை மூலம் நிவாரணத் திட்டம் கொண்டுவாருங்கள். மறுபடி வழக்குப் போட்டு அலையாமல், விடுதலையானவர் கைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று, இது நேராக உங்கள் துறைக்கே. விடுதலையில் முடியும் வழக்குகளை ஆராய்ந்து, தவறு செய்த அதிகாரிகளைக் கண்டறிய ஒவ்வொரு மாநில உள்துறையும் குழு அமைக்க வேண்டும் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் குழு சுருளி வழக்கைப் பார்த்ததா? பார்த்தது என்றால் யார் மீது என்ன நடவடிக்கை? கொன்றது யார் என்பது செத்துப்போன அந்த இரண்டு பேர் வீட்டாருக்கும் இன்றுவரை தெரியாது, அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

குழுவின் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு குடிமகன்